ஆக்சிஜன் மீட்டரோடு இரண்டு ஆண்டுகள்

பழுது பார்க்கக் கொடுத்திருந்த ஆக்சிஜன் மீட்டர் நேற்றுதான் திரும்பி வந்தது. இதே மாதிரியை வாங்கலாமா என்று ஒரு நண்பரும் கேட்டிருக்கிறார். வெனாமி இறால் வளர்க்கும் குளங்களில், நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க இதை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

ஒளியைக் கொண்டு அளக்கும் உணரி என்பதால், சவ்வு வைத்த மீட்டர்களைப் போலச் சவ்வு மாற்றும் வேலை இல்லை. தண்ணீரில் இறக்கிய சிறிது நேரத்தில் எண் நிலைத்துவிடும். பிளாங்டனின், அதாவது நீரில் மிதக்கும் நுண்பாசியின், போக்கை எனக்குக் கற்றுக்கொடுத்ததே இந்தக் கருவிதான். பச்சை தட்டிய குளத்தில் பிற்பகல் 3 மணிக்கு லிட்டருக்கு 11 மில்லிகிராம் காட்டும். விடியுமுன் அதே இடத்தில் 4 காட்டும். பகலில் ஆக்சிஜனை வாரி வழங்கும் பாசி, இரவில் இறாலோடு போட்டி போட்டுக்கொண்டு அதைச் சுவாசிக்கிறது. இதை எண்களாகப் பார்த்த பிறகுதான் இரவுக் காற்றூட்டியின் அருமை புரிந்தது.

ஆனால் ஒரு குறையை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பேட்டரி மாற்றினால் உப்புத்தன்மை அமைப்பு சுழியத்துக்குப் போய்விடுகிறது! உப்பு கூடக்கூட நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் கொள்ளும். உப்புத்தன்மை 25 பிபிடி (ஆயிரத்தில் 25 பங்கு) என்றால் சுமார் 6.6தான். கருவியோ நன்னீர் என்றே நினைத்துக் கணக்குப் போடுகிறது. திரையில் 4.2 என்றால் குளத்தில் இருப்பது 3.7கூட இல்லை.

ஒருநாள் இரவு பேட்டரி மாற்றிய நான் அதைக் கவனிக்கவில்லை. 4.2 என்று பார்த்து நிம்மதியாகப் படுத்துவிட்டேன். விடியற்காலையில் டார்ச் அடித்தால், இறால்கள் மீசையை நீர்மட்டத்தில் நீட்டியபடி கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. நின்றிருந்த காற்றூட்டிகளையும் ஓடவிட்டு, அன்றைய முதல் தீவனத்தை நிறுத்தினேன். கைநடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

முந்தைய நாள் நண்பகலிலேயே, நீரின் தெளிவைப் பார்க்க இறக்கும் செக்கி தட்டு 22 சென்டிமீட்டர் ஆழத்தில் மறைந்திருந்தது. 30 முதல் 40 வரை இருக்க வேண்டியது; பாசி அதிகமாக அடர்ந்துவிட்டது என்று பொருள். வானமும் மூடியிருந்ததால் பகலில் பாசி தந்த ஆக்சிஜனும் குறைவு. கயிற்றில் கட்டிய அந்தக் கறுப்பு வெள்ளைத் தட்டு சரியாகத்தான் எச்சரித்தது. நான்தான் திரையை நம்பினேன். சேறு கலங்கினாலும் தட்டு சீக்கிரம் மறையும் என்பதால் நீரின் நிறத்தையும் பார்க்க வேண்டும். மற்றபடி அதற்குப் பேட்டரியும் வேண்டாம், அமைப்பும் வேண்டாம்.

பழுது பார்த்தவர்களிடம் இதைக் கேட்டேன். "வடிவமைப்பே அப்படித்தான்" என்றார்கள். நண்பரே, இதை வாங்காதீர்கள். பேட்டரி மாற்றினாலும் உப்புத்தன்மையை மறக்காத மீட்டராகப் பார்த்து வாங்குங்கள்.