மீன் தொட்டிக்கு சம்ப் கிட் வாங்கப் போறீங்களா? 18,500 ரூபாய் போன பிறகு எழுதுகிறேன், படிச்சிட்டு வாங்குங்க

ராத்திரி கரண்ட் போச்சு, 40 நிமிஷத்தில் வந்துச்சு. நடந்தது அவ்வளவுதான். காலையில் பார்த்தால் ஸ்டாண்டுக்கு அடியில் 18 லிட்டர் தண்ணீர், சம்ப்பில் (டேங்க் தண்ணீர் இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்ப் வழியாக மேலே திரும்பும் கீழ்த்தொட்டி) காய்ந்துபோய்க் கத்திக்கொண்டிருந்த பம்ப், ஊற ஆரம்பித்த அடிப்பலகை. இதற்குத்தான் 18,500 கொடுத்திருக்கிறேன். கை ஈரம் காயும் முன்னால் எழுதுவதால் கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விற்றவர் பெயரைப் போடப்போவதில்லை. இணையத்தில் ஆர்டர் எடுத்து, நாம் கொடுக்கும் அளவில் கண்ணாடி வெட்டி, சம்ப்பை அறைகளாகப் பிரிக்கும் தடுப்பு, பல்க்ஹெட் (கண்ணாடித் துளையில் பைப்பை இறுக்கும் இணைப்பு), பைப், பம்ப், மீடியா (தண்ணீரை வடிகட்டும் கற்கள்) எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அனுப்பி "வீட்டிலேயே ஒட்டிக்கலாம்" என்று விற்கிற ரகம். அந்த ரகத்தில் இவர் ஒருவர் மட்டும் இல்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

டேங்க் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கிட்டத்தட்ட 680 லிட்டர், நன்னீர். சம்ப் உள்ளளவு 90 × 40 × 40 செ.மீ. வரைபடத்தை நானே போட்டு அனுப்பினேன்: முதலில் அழுக்கைப் பிடிக்கும் துணிப்பை தொங்குகிற சாக்ஸ் அறை, அடுத்து 30 செ.மீ. மீடியா அறை, குமிழி அடக்க இடைவெளி விட்ட தடுப்புகள், கடைசியில் பம்ப் இருக்கும் 25 செ.மீ. ரிட்டர்ன் அறை. தடுப்பு உயரம் 24. தண்ணீரை மேலே கொண்டுபோகும் ரிட்டர்ன் பைப்பில், டேங்க் நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே காற்று இழுக்கிற ஓட்டை.

நான் விழுந்த இடம் இதுதான். படத்தைப் பார்த்ததும் அவர் விலையைப் பேசவில்லை. "ப்ரோ, ஓட்டை போடப்போற கண்ணாடி டெம்பர்டா, சாதாவா?" என்று கேட்டார். எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்க்கச் சொன்னார். கருப்புத் திட்டுகளோ கோடுகளோ தெரிந்தால் டெம்பர்டு, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி, அதில் துளை போட்டால் தூள்தூளாகிவிடும். நூற்றுக்கு நூறு சரியான அறிவுரை. இதைத் தெரிந்த ஆள் மற்றதையும் தெரிந்துதான் செய்வார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் படத்தில் இரண்டு திருத்தம் வந்தது. தடுப்பு 24 இல்லை, 32. "மீடியா இன்னும் 9 லிட்டர் கூட மூழ்கும் ப்ரோ." கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 30 × 40 × 8, அதாவது 9.6 லிட்டர். சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது திருத்தம், பைப்பில் அந்தக் காற்று ஓட்டை வேண்டாம், செக் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) தருகிறோம். "ஓட்டை இருந்தா காத்து இழுத்து சத்தம் வரும் ப்ரோ." இதற்கும் தலையாட்டினேன். 18,500 போனது அடுத்த இரண்டு நிமிஷத்தில்.

போட்டிருக்க வேண்டிய கணக்கு வேறு. பம்ப் நின்றதும் ரிட்டர்ன் பைப் சைஃபனாக மாறி, டேங்க் தண்ணீரைக் கீழே இழுக்கும். காற்று ஓட்டை இல்லாவிட்டால், பைப்பின் வாய் காற்றைத் தொடும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். டேங்கின் மேற்பரப்பு 180 × 60 செ.மீ., எனவே 1 செ.மீ. இறங்கினால் 10.8 லிட்டர். வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது: 54 லிட்டர். பைப்பில் நிற்பதையும் சேர்த்தால் 57. இது முழுக்க சம்ப்பின் காலி இடத்தில் அடங்க வேண்டும்.

என் படத்தின்படி தடுப்பு 24, ரிட்டர்ன் அறையில் ஓடும்போது மட்டம் 18. முன்பகுதியில் 65 × 40 × 16 = 41.6, ரிட்டர்ன் அறையில் 25 × 40 × 22 = 22. மொத்தம் 63.6 லிட்டர் காலி. ஓட்டை அடைத்துக்கொண்டால்கூட 57 லிட்டர் உள்ளேயே நிற்கும். அவர் திருத்தத்தின்படி தடுப்பு 32, ரிட்டர்ன் மட்டம் 22: முன்பகுதியில் 20.8, ரிட்டர்னில் 18. மொத்தம் 38.8. மிச்சம் 18 லிட்டர் எங்கே போகும்? தரைக்குத்தான்.

செக் வால்வு இருந்ததே என்பீர்கள். முதல் நாள் பம்பை நிறுத்திச் சோதித்தேன், ஒரு சொட்டு திரும்பவில்லை. புது வால்வு அப்படித்தான் பிடிக்கும். அது வெறும் ரப்பர் மடல். 23 நாள் ஓடியதில் மடலைச் சுற்றி வழவழப்பு படிந்துவிட்டது. காலையில் கழற்றிப் பார்த்தேன். மடலுக்கும் விளிம்புக்கும் நடுவில் கடுகு அளவு நத்தை ஓடு ஒன்று குறுக்கே நின்றது. அந்த இடுக்கு போதும். 40 நிமிஷம் மெதுவாக, சத்தமே இல்லாமல் கொட்டித் தீர்த்திருக்கிறது. சத்தம் வரக்கூடாது என்றுதானே ஓட்டையை எடுத்தார்கள்!

கரண்ட் வந்ததும் இன்னொரு கூத்து. சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் குறைந்தாலும் அது ரிட்டர்ன் அறையில்தான் தெரியும், மற்ற அறைகளைத் தடுப்பு நிரப்பியே வைத்திருக்கும். அந்த அறை 25 × 40, ஆகவே 1 லிட்டர் போனால் 1 செ.மீ. இறங்கும். 18 லிட்டர் போனது, 22 செ.மீ. மட்டம் 4 ஆனது. பம்ப் மூழ்கி ஓட 8 செ.மீ. வேண்டும். விடியும்வரை காற்றைக் குடித்தே ஓடி, தொட்டால் சுடுகிற அளவுக்குக் காய்ந்து செத்தது.

செத்த பம்பின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். லேபிளில் மணிக்கு 3500 லிட்டர், அதிகபட்ச உயரம் 2.5 மீட்டர். "680 லிட்டருக்கு மணிக்கு அஞ்சு சுத்து" என்று விற்றார். அந்த 3500 என்பது உயரமே இல்லாமல் தள்ளும்போது வரும் எண். 2.5 மீட்டரில் அது பூஜ்யம். சம்ப் மட்டத்திலிருந்து டேங்க் விளிம்பு 1.5 மீட்டர், நடுவில் மூன்று எல்போ. போன வாரம் வாளி வைத்து அளந்தேன்: 20 லிட்டர் நிரம்ப 58 விநாடி. மணிக்கு 1240, இரண்டு சுற்றுகூட இல்லை. அப்போதே கேட்டேன், "போகப் போக செட்டாகும் ப்ரோ" என்றார். பம்ப் என்ன செருப்பா, போட்டுப் போட்டு செட்டாக?

பெட்டியில் வந்த மற்றவை: தடுப்புகள் கண்ணாடி என்று சொல்லி அக்ரிலிக். அக்ரிலிக்கில் சிலிக்கான் உருப்படியாகப் பிடிக்காது, ஓரம் உரிந்து தண்ணீர் மீடியாவைத் தொடாமல் குறுக்குவழியில் போகும். ஓரத்தை நகத்தால் நெம்பினால் ஜவ்வு மாதிரி வருகிறது. கூட வந்த சிலிக்கான் ட்யூபில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, உரித்தால் உள்ளே 'பூஞ்சை எதிர்ப்பு' என்று அச்சாகியிருந்தது. குளியலறைக்கு உரிய சரக்கு, அந்த மருந்து மீனுக்கு விஷம். நல்லவேளை அதைத் தொடவில்லை. செராமிக் மீடியா என்ற மூட்டையில் பாதி வெள்ளைக் கல். வினிகர் ஒரு சொட்டு விட்டேன், நுரைத்தது. சுண்ணாம்புக் கல். அது கரையக் கரைய கேஎச்சும் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) பிஎச்சும் ஏறும், பிஎச் ஏறினால் அதே அளவு அம்மோனியாவே கூடுதல் விஷமாகும்.

சரி, காலையில் படம், வீடியோ, கணக்கு எல்லாம் அனுப்பினேன். பணம் போகும்வரை ப்ரோவாக இருந்த நான் அந்த நிமிஷத்தில் சார் ஆகிவிட்டேன். முதல் பதில்: "செக் பண்ணித்தான் சார் அனுப்புறோம்." அடுத்தது: "பெட்டி பிரிக்கிறப்போ வீடியோ எடுத்தீங்களா சார்?" 23 நாள் கழித்து நடந்ததற்குப் பெட்டி பிரித்த வீடியோ எதற்கு? பிறகு: "ஒட்டினது நீங்க, அது எங்க பொறுப்புல வராது சார்." தடுப்பு உயரத்தை மாற்றியது யார் என்று அவர் கைப்படத் திருத்திய படத்தையே திருப்பி அனுப்பினேன். "அது சஜஷன்தான் சார், முடிவு உங்களோடது." பம்ப்? "காய்ஞ்சு ஓடின பம்புக்கு வாரண்டி கிடையாது சார்." ஏன் காய்ந்தது என்று கேட்டால் "டெக்னிக்கல் டீம்ல கேட்டுச் சொல்றேன்." மதியத்துக்கு மேல் அவருடைய முகப்புப் படமே எனக்குத் தெரியவில்லை. பிளாக். 18,500க்குக் கிடைத்த டெக்னிக்கல் டீம் இதுதான்.

விரிவாக வழிமுறை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது தெம்பில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

தடுப்பு உயரத்தை எவர் மாற்றச் சொன்னாலும், "கரண்ட் போனா எத்தனை லிட்டர் இறங்கும்?" என்று கேளுங்கள். எண் வராவிட்டால் பணம் அனுப்பாதீர்கள்.

செக் வால்வை மட்டும் நம்பாதீர்கள். காற்று ஓட்டை போடுங்கள், வாரம் ஒருமுறை குச்சி விட்டுக் குத்துங்கள். அதையும் அடைத்துவிட்டு ஒருமுறை பம்பை நிறுத்திப் பாருங்கள், அப்போதும் சம்ப் வழியக்கூடாது.

பம்ப் லேபிளை விடுங்கள், உங்கள் டேங்க் உயரத்துக்கு எவ்வளவு தள்ளும் என்று காட்டும் வரைகோடு கேளுங்கள். பல்க்ஹெட் ரப்பர் டேங்குக்கு உள்பக்கம், நட்டுப் பக்கம் இல்லை. இறங்கும் பைப் ஒன்று போதாது, அவசரத்துக்கு இரண்டாவது வேண்டும்.

மீடியாவுக்கு வினிகர். மற்றது அப்புறம். அடிப்பலகை ஒரு பக்கம் உப்பிக்கொண்டு வருகிறது, மேலே 680 லிட்டர் நிற்கிறது, முதலில் அதை இறக்கணும்.