முதல் குக்ரி: ஆங்கோலாவா, சிருபாத்தேயா, தொழிற்சாலைத் தகடா?

காட்டில் முகாமிடுவதற்காக, முன்னோக்கி வளைந்த நேபாளக் கத்தியான குக்ரியை முதன்முதலில் வாங்குபவர்கள் பெரும்பாலும் அலகின் நீளத்தைத்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் பத்து அங்குல நீளமுள்ள இரண்டு குக்ரிகளுக்கிடையே கால் கிலோ வரை எடை வேறுபடக்கூடும். ஒரு மணி நேரம் வெட்டிய பிறகு மணிக்கட்டு உணர்வது அந்த எடையையே. ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எடையும், அலகின் கூரில்லாத பக்கமான முதுகின் தடிப்பும் எத்தனை என்பதுதான்.

நேபாளக் கொல்லர்கள் அடிக்கும் வடிவங்களுள் ஆங்கோலா என்பது முதுகு தடித்து, அதன் கீழே பள்ளம் இழைக்கப்பட்ட கனமான வகை. விறகு பிளக்கவும் தடித்த கிளைகளைத் துண்டாக்கவும் இதற்கு நிகரில்லை. ஆயினும் முதுகு பத்து மில்லிமீட்டரை எட்டும் குக்ரியால் காய்கறி நறுக்கவோ குச்சி சீவவோ முயன்றால் எரிச்சலே மிஞ்சும். சிருபாத்தே இதற்கு நேர்மாறானது. ஒல்லியாகவும் விரைவாகவும் இயங்கும் அதன் அலகு மூங்கிலையும் கொடியையும் புதரையும் அழகாக வெட்டும், ஆனால் கட்டையைப் பிளக்கும் அகலமோ எடையோ அதற்கில்லை. கூர்க்கா படைப்பிரிவுகளில் வழங்கப்படும் சர்வீஸ் வகை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. எல்லா வேலையையும் ஓரளவு செய்வதால், எந்த வேலை தமக்கு அதிகம் வரும் என்பது இன்னும் தெரியாத ஒருவருக்கு இதையே பரிந்துரைப்பேன். விறகுதான் முதன்மைத் தேவை என்று உறுதியாகத் தெரிந்தவர் எட்டு அல்லது ஒன்பது அங்குல ஆங்கோலாவை எடுக்கலாம். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

காம்பைப் பற்றிய வாதம் தேவைக்கு மேல் நீள்கிறது. மரபான அமைப்பில் அலகின் வால் ஒடுங்கிக் காம்பினுள் நுழைந்து அரக்கால் பிடிக்கப்பட்டிருக்கும். பானாவால் அமைப்பில் வால் காம்பின் முழு அகலத்துக்கும் விரிந்து, இருபுறமும் மரமோ கொம்போ வைத்து ரிவிட் அடிக்கப்பட்டிருக்கும். பின்னது உறுதியானது என்பது உண்மை. ஆனால் எடை கையை நோக்கி நகர்வதால் வெட்டின் விசை குறைகிறது என்பதையும், வெட்டும் அதிர்வு உள்ளங்கையில் கூடுதலாக ஏறுகிறது என்பதையும் விளம்பரங்கள் சொல்வதில்லை. நன்றாகச் செய்த ஒடுங்கிய வால் முகாம் வேலைக்குத் தாராளமாகப் போதும். எருமைக் கொம்பு வறண்ட வெயிலில் சுருங்கி வெடிக்கக்கூடியது என்பதால் மரக்காம்பே நல்லது.

உண்மையில் ஒரு குக்ரியின் தரத்தை நிர்ணயிப்பது தோய்ச்சல்தான், அதாவது காய்ச்சிய எஃகை நீரால் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்குவது. பழைய லாரிகளின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்த கொல்லர், சிவந்த அலகின் வெட்டும் விளிம்பில் மட்டும் கெண்டியால் நீரை ஊற்றுகிறார். அதனால் விளிம்பு கடினமாகவும் முதுகு சற்று மென்மையாகவும் அமைந்து, அலகு அடியைத் தாங்குகிறது. பல குக்ரிகளில் நுனிப்பகுதிக்கு இந்தக் கடினம் எட்டுவதில்லை என்பதால் நுனியை நெம்புகோலாக்கினால் வளைந்துவிடும். வாங்கியவுடன் அலகின் வயிற்றுப் பகுதியில், அதாவது விளிம்பு வெளியே புடைத்து அகன்ற இடத்தில், அரத்தைத் தேய்த்துப் பார்க்கலாம்: வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது, எளிதில் அராவினால் பிடிக்கவில்லை.

கோல்ட் ஸ்டீல் போன்ற நிறுவனங்கள் 1055 கார்பன் எஃகுத் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் குக்ரி வடிவ மச்செட்டுகள் (புதர் வெட்டும் நீண்ட கத்திகள்) விலை குறைந்தவை, எடை குறைந்தவை, ஒன்றுபோல் இருப்பவை. மெல்லிய தகடு என்பதால் புதர் வெட்டுவதில் சிறந்தும் விறகு பிளப்பதில் தோற்றும் போகின்றன. புதர் மட்டும்தான் வேலை என்றால் நேபாளத்துச் சிருபாத்தேக்குச் செலவழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எதை வாங்கினாலும் உறையிலிருந்து உருவும்போது விளிம்புப் பக்கத்தில் விரல்களைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. மரமும் எருமைத்தோலும் சேர்ந்த உறையின் தையலைக் கிழித்துக்கொண்டு அலகு விரலில் இறங்கிவிடும். குழிந்த விளிம்பில் தட்டையான சாணைக்கல் படியாது என்பதால், உருண்டைக் கம்பியில் சுற்றிய உப்புத்தாளே கூராக்க வசதியானது. இந்தியாவில் வாங்குபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வீட்டு, விவசாய, தொழில் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்படாத கத்திகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றோ இருந்தால் ஆயுதச் சட்ட விதிகள் அதை ஆயுதமாகக் கருதுகின்றன, ஆகவே நீளத்தோடு வயிற்றின் அகலத்தையும் அளந்து கேட்டே வாங்க வேண்டும்.