ஃபைபர் ரவுட்டர், நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு: எந்தக் கருவி ஒட்டும், எது முரண்டு பிடிக்கும்

ஃபைபர் இணைப்போடு கம்பெனியிலிருந்து வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போகும் இரட்டை அலைவரிசை ரவுட்டரைப் பற்றிய பகிர்வு இது. மாட்டிய முதல் வாரத்தில் எல்லா ரவுட்டரும் நல்ல பிள்ளைதான். ஸ்மார்ட் பிளக், கேமரா, பிரிண்டர், ஆபீஸ் லேப்டாப், விருந்தாளிகளின் போன் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போதுதான் அதன் குணம் தெரியும். போகப் போகப் புரிவது ஒன்று: ரவுட்டரின் செட்டிங் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது வீட்டில் இருப்பதிலேயே விலை கூடிய லேப்டாப் இல்லை, இருப்பதிலேயே மலிவான பிளக்.

ஸ்மார்ட் பிளக், பல்பு, விலை குறைந்த கேமரா ஆகியவற்றில் இருக்கும் சிப்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசும். பரவலாகப் புழங்கும் இஎஸ்பி8266 அப்படிப்பட்டதுதான். ரவுட்டரோ 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, போனை 5-க்குத் தள்ளிவிடும். பிளக்கைச் சேர்க்கும் ஆப் "போன் 5 கிகாவில் இருக்கிறது" என்று நின்றுவிடும், அல்லது காரணமே சொல்லாமல் 99 சதவீதம் வரை போய்த் தோற்கும். பிளக் பழுது என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்கள் பலர். பாவம், பிளக்கின் மேல் குற்றமில்லை.

தீர்வு, இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர். போனை ரவுட்டரோடு சேர்த்துவிட்டு மொபைல் டேட்டாவை அணைத்து, பிரவுசரில் 192.168.1.1 அடியுங்கள். சிலவற்றில் 192.168.0.1, ஜியோஃபைபரில் 192.168.29.1. அட்மின் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே போனதும் அந்தப் பாஸ்வேர்டை முதலில் மாற்றிவிடுங்கள். வயர்லெஸ் பகுதியில் "ஸ்மார்ட் கனெக்ட்" அல்லது "பேண்ட் ஸ்டியரிங்" என்று இருப்பதை அணைத்தால் இரண்டு பெயர்ப் பெட்டிகள் தனியாக வரும்.

2.4-க்கு: பாதுகாப்பு வகை என்ற இடத்தில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று; இவை மட்டும்தான் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும். அபார்ட்மெண்டில் "ஆட்டோ"வில் விட்டால் ஒவ்வொரு முறை ரீஸ்டார்ட் ஆகும்போதும் சேனல் மாறக்கூடும், அசட்டுக் கேமரா ஒன்று பழைய சேனலையே தேடிக்கொண்டிருக்கும். 5-க்கு: அகலம் 80, சேனல் 36 அல்லது 149. நடுவில் 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாரோடு பங்கு போடும் சேனல்கள். அவற்றை வைத்தால் ரவுட்டர் ஆன் ஆனதும் குறைந்தது 60 விநாடி காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் சிக்னல் விடும். ரேடார் இருப்பதாக நினைத்துவிட்டால் வீடியோ கால் நடுவிலேயே சேனல் மாறும்.

அதற்கு அடுத்து வந்த பாதுகாப்பு வகையான டபிள்யூபிஏ3 நல்லதுதான், ஆனால் அதை மட்டும் வைத்தால் பழைய பிரிண்டரும் பிளக்கும் உள்ளேயே வராது. "டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு" வைத்தாலும் சில கருவிகள் ஒட்டாமல் அடம் பிடிக்கும். 2.4-ஐ டபிள்யூபிஏ2-விலும், 5-ஐ கலப்பிலும் விடுவது நடைமுறையில் சண்டையில்லாத ஏற்பாடு. பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்கப் பின் எண்ணை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைக்கலாம் என்று 2011-லேயே வெளிவந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 9-லிருந்து போன்களிலும் அது கிடையாது.

பெயர் வைப்பதில் ஒரு சங்கதி. வைஃபை பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். "வீடு" என்பதில் வ, ஈகாரக் குறி, ட, உகரக் குறி என்று நான்கு குறிகள், ஆக 12 பைட். போன்கள் அழகாகக் காட்டும், மலிவான பிளக் ஆப்கள் விழிக்கும். 2.4-க்கு மட்டும் இடைவெளியும் சின்னங்களும் இல்லாத ஆங்கிலப் பெயரே நிம்மதி. பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். டிவி ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாக அமுக்க வேண்டியவர் யார் என்று யோசித்து வையுங்கள். சின்னங்களை நிரப்புவதைவிட நீளத்தைக் கூட்டினால் போதும்.

புது ரவுட்டருக்கு மாறும்போது இதே பெயர், இதே பாஸ்வேர்டு, இதே பாதுகாப்பு வகையை எழுத்துப் பிசகாமல் வைத்தால் வீட்டில் உள்ள கருவிகள் பெரும்பாலும் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். இதற்காகவே 2.4-இன் பெயரில் கம்பெனியின் பெயரை விட்டுவைக்கக் கூடாது.

வைஃபை 6 ரவுட்டர் வந்ததும் பழைய லேப்டாப்பில் நெட்வொர்க் பெயரே தெரியவில்லை என்றால், பழைய டிரைவருக்கு (வைஃபையை இயக்கும் மென்பொருள்) 'ஏஎக்ஸ்', அதாவது வைஃபை 6 சிக்னல் புரியவில்லை என்று அர்த்தம். முதலில் வைஃபை டிரைவரை அப்டேட் செய்யுங்கள். முடியாவிட்டால் ரவுட்டரில் அந்த அலைவரிசையின் மோடை முந்தைய தலைமுறையான 'ஏசி'க்கோ 'என்'னுக்கோ இறக்கலாம்.

பிரிண்டர் "ஆஃப்லைன்" என்று காட்டுவது பல நேரம் ஐபி முகவரி (ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்) மாறிய கதைதான். ரவுட்டர் இந்த முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குத்தான் தருகிறது. கரண்ட் போய் வந்தால் வேறு எண் கொடுத்துவிடலாம், கம்ப்யூட்டரோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். முகவரி கொடுக்கும் வேலையைச் செய்யும் டிஹெச்சிபி பகுதியில் "அட்ரஸ் ரிசர்வேஷன்" போய் பிரிண்டரின் மேக் எண்ணுக்கு (கருவியிலேயே பதிந்த அடையாள எண்) ஒரே முகவரியைக் கட்டிப்போட்டுவிட்டு, பிரிண்டரை அணைத்துப் போட்டால் தீர்ந்தது. போன்களுக்கு இதைச் செய்வதானால், ஆண்ட்ராய்டு 10-உம் ஐஓஎஸ் 14-உம் முதல் போன்கள் தம் நிஜ மேக் எண்ணை மறைத்து நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் பொய் எண் காட்டுகின்றன என்பது நினைவிருக்கட்டும். மேக் ஃபில்டர் (குறிப்பிட்ட மேக் எண்களை மட்டும் அனுமதிக்கும் வசதி) போட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைத் தடுக்கப் பார்ப்பவர்கள் கடைசியில் தம் போனையே வெளியே நிறுத்துவது இதனால்தான்.

பிரிண்டரும் போனும் ஆன்லைனில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லையா? இரண்டில் ஏதோ ஒன்று விருந்தாளிகளுக்கான தனி கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கும், அல்லது கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் "ஏபி ஐசொலேஷன்" ஆன் ஆகியிருக்கும். போனில் "ஐபி முகவரி பெறுகிறது" என்று சுற்றிக்கொண்டே இருந்தால் கருவிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். சில ரவுட்டர்களில் ஒரு அலைவரிசைக்கு 32 என்று வரம்பு போட்டிருப்பார்கள்.

டிவிக்கு வயர் போடுவது நல்லது. ஆனால் பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான். 300 எம்பிபிஎஸ் பிளானில் டிவி 94 காட்டுவது பழுதில்லை, 4கே படத்துக்கு அது தாராளம். லேப்டாப் வயரிலும் 94-லேயே நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும்; ஒன்று விட்டுப்போனாலும் நான்கு கம்பியில் ஓடும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம்.

சிக்னலை அளக்க ஆண்ட்ராய்டில் ஏதாவதொரு வைஃபை அனலைசர் ஆப் போதும். டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது: மைனஸ் 50 டிபிஎம் அருமை, மைனஸ் 67 வரை வீடியோ கால் ஓடும், மைனஸ் 80-ஐத் தொட்டால் பெயர் தெரியும், இணைப்பு நிற்காது. ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால், பெரிய கண்ணாடிக்கு அருகில் ரவுட்டரை வைக்காதீர்கள். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு 5 கிகா ஒழுங்காகப் போகாது. அங்கே இன்னொரு ரவுட்டர் வைப்பதென்றால் அதன் முகவரியை (முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால்) 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை அணைத்து, முதல் ரவுட்டரிலிருந்து வரும் வயரை 'வேன்' (வெளி இணையம் வரும்) துளையில் செருகாமல் 'லேன்' (வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பேரும் முகவரி கொடுக்க ஆரம்பித்து, பாதிக் கருவிகளுக்கு நெட் வராது.

கரண்ட் கட் உள்ள ஊரில் மினி யுபிஎஸ் வாங்குவது அவசியச் செலவு. கரண்ட் வந்ததும் பிளக் சில விநாடியில் எழுந்துவிடும், ரவுட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் சில கேமராக்கள் தேடிச் சலித்து உட்கார்ந்துவிடும். ரவுட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் யுபிஎஸ் தரும் வோல்ட்டும் அப்படியே பொருந்த வேண்டும், பெரும்பாலும் 12. யுபிஎஸ்ஸின் ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. யுபிஎஸ் ஃபைபர் நேராக வீட்டுக்குள் வரும் இணைப்புக்குத்தான் பலன் தரும். தெருவிலிருக்கும் ஸ்விட்சிலிருந்து லேன் கேபிள் இழுத்த இணைப்பானால் அந்த ஸ்விட்சுக்கும் கரண்ட் வேண்டும்.

எதுவும் சரிப்படவில்லை என்று ஊசியால் ரீசெட் துளையை அமுக்கும் முன் வேன் பக்கத்தையும் வயர்லெஸ் பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் நெட்டில் நுழைய ரவுட்டருக்கு வேண்டிய பிபிபிஓஇ யூசர்நேம், விலேன் எண் இரண்டும் ரீசெட்டில் அழிந்துபோகலாம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆளைத் தேட வேண்டியிருக்கும்.