“உள்ள இருக்கிறது வேணுமா, பென்டிரைவ் வேணுமா?”

செத்த பென்டிரைவோடு போனபோது, சென்னை ரிச்சி தெருவில் மாடிக்கடைக்காரர் ஒருவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டதற்காகவே இதை எழுதுகிறேன். டொரன்டோவில் செத்த பென்டிரைவை நீட்டினால் புதுசு வாங்கச் சொல்வார்கள். ரெகவரி லேப் என்றால் நூற்றுக்கணக்கில் டாலர். நம்ம ஊரில் கீழே இருந்த கடையிலோ எதுவும் கேட்காமலே எம்பி டூலை (பென்டிரைவைத் தொழிற்சாலையில் போல முதலிலிருந்து அமைக்கும் மென்பொருள்) திறந்து, ஸ்டார்ட் பட்டன் வரைக்கும் போய்விட்டார் பையன். கையை நீட்டி உருவ வேண்டியதாயிற்று. அந்த டூல் ஓடினால் பென்டிரைவ் பிழைக்கும். எந்தத் தகவல் எந்த பிளாக்கில் இருக்கிறது என்கிற அட்டவணை அழியும். அதோடு படங்களும் போச்சு.

இரண்டு 16 ஜிபி பென்டிரைவ். இரண்டிலும் ஒரே நோய்: டிரைவ் எழுத்து வரும், கொள்ளளவு 0, திறந்தால் டிஸ்கைப் போடச் சொல்லும். பென்டிரைவின் உள்விவரம் காட்டும் சிப்ஜீனியஸ் மென்பொருளில் கம்பெனிப் பெயருக்குப் பதில் ‘2303 பிராம்’. ஃபைசன் கம்பெனியின் கன்ட்ரோலருக்குள் (பென்டிரைவை நடத்தும் சிப்) இருப்பது, தொடங்கி வைக்க மட்டும் உதவும் சின்ன பூட் ரோம் (ROM) மட்டும்தான். கன்ட்ரோலரை இயக்கும் முழு ஃபர்ம்வேர், தகவல்களைச் சேமிக்கும் நான்ட் சிப்பின் ஓரத்தில் கிடக்கும். அதைப் படிக்க முடியாதபோது கன்ட்ரோலர் தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் ஃபர்ம்வேர் கெடலாம். ஆனால் ஃபர்ம்வேர் நன்றாக இருந்து, நான்ட்டுக்குப் போகும் வழி அறுந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

படங்கள் இருந்த பென்டிரைவை மாடிக்கடைக்காரர் முதலில் பிரித்தார். லென்ஸுக்கு அடியில் ட்வீசர் நுனியால் நான்ட்டின் 48 கால்களையும் ஒவ்வொன்றாக மெல்ல நெம்பிப் பார்த்தார். ஒரு கால் அசைந்தது. ஈயத்துக்கும் காலுக்கும் நடுவே முடி கனத்துக்கு ஒரு கோடு. ஃப்ளக்ஸ் தடவி, இரண்டு பக்கமும் சால்டரிங் அயர்னை ஒரே இழுப்பாக இழுத்தார். செருகியதும் பழைய பெயரும் 16 ஜிபியும் வந்துவிட்டன. கீழே ஸ்டார்ட் அழுத்தியிருந்தால்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

அடுத்ததில் வேண்டியது எதுவும் இல்லை, ஈயமும் சுத்தம். அதற்குத்தான் எம்பிஆல், ஃபைசனுக்கான எம்பி டூல். கன்ட்ரோலர் பதிப்பையும் நான்ட் மேல் அச்சிட்ட எண்ணையும் குறித்து, இரண்டுக்கும் பொருந்தும் பர்னர் ஃபைல் (நான்ட்டில் எழுத உதவும் தற்காலிக நிரல்), ஃபர்ம்வேர் ஃபைல் இரண்டையும் தேட வேண்டும். பர்னர் மாறினால் பாதியில் சிவப்பாக நிற்கும். பென்டிரைவ் செத்துவிட்டதென்று பலர் தூக்கிப் போடுவது இங்கேதான். ஹப் கூடாது, கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருக வேண்டும். பூட் மோடுக்கு (பூட் ரோம் மட்டும் ஓடும் நிலை) வராமல் பாதி ஃபர்ம்வேரில் மாட்டி நிற்கும் பென்டிரைவாக இருந்தால் மட்டும் நான்ட்டின் 29, 30ஆம் கால்களை ஊசியால் சேர்த்துப் பிடித்தபடி செருகி, கம்ப்யூட்டர் கண்டதும் ஊசியை எடுத்துவிட வேண்டும். இதற்கு ஊசி தேவைப்படவில்லை.

கெட்ட பிளாக்குகளைத் தேடி ஒதுக்கி முடிக்கக் கால் மணிக்கு மேல். ஒதுக்கியதால் கொள்ளளவு கொஞ்சம் குறைந்தது, அது நியாயம்தான். அதன் பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ போட்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டேன் என்றார். அவசரப்படாத அந்தக் கைதான் பழைய ரிச்சி தெரு.

ஒரே ஆத்திரம்: ஊர்ப்பட்ட பென்டிரைவும் போய்வரும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஷார்ட்கட் வைரஸும் கூடவே வந்தது. இத்தனை கவனமானவர் இதை விடலாமா? வீட்டில் திறக்கும் முன் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள்.

மூன்றாவதாக நீட்டிய குட்டி பென்டிரைவைக் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். கன்ட்ரோலரும் நான்ட்டும் ஒரே கறுப்புக் கட்டிக்குள். “இதுல காலே இல்ல சார், எதைப் பிடிக்கிறது?”