சிவாஜிநகர் எழுத்துப் பலகைக் கடை: அரபு எழுத்துக்கு நம்பிப் போகலாம்

பெங்களூரு சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் லேசர் கட்டிங் கடை இது. வாசல் பலகை, பித்தளைத் தகடு, சுவர் ஃபிரேம் எல்லாம் செய்கிறார்கள். தமிழிலேயே பேசி ஆர்டர் கொடுக்கலாம். ‘அல்லாஹ்’ என்ற சொல்லை அரபு எழுத்தில் வெட்டுவதில் இவர்கள் காட்டும் கவனத்துக்கே இந்த விமர்சனம்.

சொல்லில் இருப்பவை நான்கே எழுத்துகள்: அலிஃப், லாம், லாம், ஹா. எழுதுவது வலமிருந்து இடம். அலிஃப் தனியே நிற்கும், மற்ற மூன்றும் கோத்து வரும். இரண்டாம் லாமின் மேல் ஷத்தா (எழுத்து இரட்டிப்பதைக் காட்டும் குறி), அதற்கும் மேலே ஒரு குட்டி அலிஃப். அரபுக்கு வசதியில்லாத பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் பிரிந்து, தலைகீழ் வரிசையில் விழும். உருது விசைப்பலகையில் அடித்தால் வேறு சிக்கல்: அதன் கடைசி எழுத்து ‘கோல் ஹே’, கணினிக்கு அது அரபு ஹா அல்ல. சில அரபு ஃபான்ட்களில் அந்த இடத்தில் வெறும் கட்டம்தான் வரும். இங்கே அரபு விசைப்பலகையில் அடித்து, ப்ரூஃப் காட்டி, நீங்கள் சரி சொன்ன பிறகே எழுத்தை ‘கர்வ்’, அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்குகிறார்கள். அதற்குப் பிறகு ஃபான்ட் மாறிப்போக வழியில்லை.

ஷத்தாவும் குட்டி அலிஃபும் உடலோடு ஒட்டாத துண்டுகள். பின்தகடு இல்லாமல் வெட்டினால் உதிர்ந்துவிடும். 3 மிமீ அக்ரிலிக்கில் சிறிய அளவு கேட்டால் குட்டி அலிஃப் மெலிந்து ஒடியும். 8 அங்குலத்துக்கு மேல் போங்கள், அல்லது பித்தளையில் பொறிக்கச் சொல்லுங்கள். ‘அல்ஹம்து லில்லாஹ்’ பலகையில் அந்தச் சொல்லுக்கு முன் அலிஃப் இல்லையே என்று சண்டைக்குப் போக வேண்டாம். ‘-க்கு’ எனப் பொருள்படும் ‘லி’ சேரும்போது அலிஃப் எழுதப்படாது, அதுதான் சரி.

மாதிரிப் புத்தகம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. முஸ்லிம் வீடுகளுக்கான பலகைகளுக்கு அடுத்த பக்கத்திலேயே அரபு விவிலியத்தின் முதல் வசனம் இருக்கிறது. ‘ஆதியிலே தேவன்’ என்று தமிழில் படிக்கிறோமே, அந்தத் ‘தேவன்’ அங்கே ‘அல்லாஹ்’தான். அரபு பேசும் கிறிஸ்தவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 1865 மொழிபெயர்ப்பில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் யூத வேதமான தோராவை அரபுக்குக் கொண்டுவந்த யூத அறிஞர் சாதியா காவோனும் இதே சொல்லைத்தான் எழுதினார். நபிகளின் தந்தை பெயரே அப்துல்லாஹ், ‘அல்லாஹ்வின் அடியார்’. இஸ்லாத்துக்கு முன்பே வழங்கிய பெயர். ‘அல்’ என்பதும் ‘இலாஹ்’ என்பதும் சேர்ந்து வந்த சொல் என்பதே பெரும்பாலோர் கருத்து. கேரளச் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் சொல்லும் ‘ஆலாஹா’ இதற்கு உறவுச் சொல். சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாஹிபில் கவிஞர் கபீரின் ‘அவ்வல் அல்லா நூர் உபாயா’ இருக்கிறது. அந்த வரியைப் பஞ்சாபி எழுத்தான குர்முகியில் வெட்டிய பலகையும் மாதிரியில் உண்டு. ஆகவே அரபு விவிலிய வசனம் கேட்டு வரும் கிறிஸ்தவர் தயங்கத் தேவையில்லை, இதில் கலப்படம் எதுவும் இல்லை.

குறை தமிழில்தான். அடியில் தமிழ்ப் பெயர் கேட்டால் ‘அல்லா’ என்று முடித்துவிடுகிறார்கள். மால்டாவின் கத்தோலிக்கர் தங்கள் மொழியில் ‘அல்லா’ என்றே எழுதுகிறார்கள், அவர்களுக்கு அது சரி. தமிழ் முஸ்லிம் வீட்டுக்குக் கடைசி ‘ஹ்’ வேண்டும். நீங்களே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பிழையாக வெட்டிய துண்டுகளையும், இறைவன் பெயர் என்பதால், குப்பையில் போடாமல் தனிப் பெட்டியில் சேர்த்து வைக்கிறார்கள். இது பெரிய விஷயம். டெலிவரி எடுக்கும்போது பாதுகாப்புத் தாளைக் கடையிலேயே உரித்து ஷத்தா அசைகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பசை விட்டிருந்தால் அங்கேயே ஒட்டித் தருவார்கள்.