பழைய கடவுச்சொற்களைப் புதிய கசிவு என்று விற்கிறார்கள்: பணம் கட்டுமுன் கவனியுங்கள்

2025 ஜூன் மாதம் 1,600 கோடி கடவுச்சொற்கள் கசிந்துவிட்டதாகச் செய்தி பரவிய வேளையில், இணையப் பாதுகாப்புச் சேவை தருவதாகச் சொல்லும் நிறுவனம் ஒன்று எங்கள் அலுவலகத்தை அணுகி, எங்கள் ஊழியர்களின் விவரங்களும் அதில் இருப்பதாக அச்சுறுத்தி, ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. அவர்கள் அனுப்பிய எக்செல் கோப்பைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஆயிரக்கணக்கான வரிகள் இருந்தன. அனைத்துக்கும் சிவப்பு நிறம் பூசியிருந்தார்கள். ஒரே மின்னஞ்சல் முகவரியைப் பெரிய எழுத்தில் ஒன்று, சிறிய எழுத்தில் ஒன்று என இரண்டாக எண்ணியிருந்தார்கள். எப்போதோ ஓய்வுபெற்ற காசாளரின் முகவரியும் அதில் இருந்தது. பன்னிரண்டு எழுத்துக்குக் குறைந்த கடவுச்சொல்லை எங்கள் மின்னஞ்சல் ஏற்பதே இல்லை. கோப்பிலோ ஆறெழுத்துச் சொற்கள்தான் நிறைந்திருந்தன.

பெரிய எண்ணைக் கண்டு மலைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அந்த 1,600 கோடியும் ஒரே இடத்தில் புதிதாக நடந்த திருட்டு அல்ல. பல தொகுப்புகளில் திரும்பத் திரும்ப வந்த வரிகளையும் சேர்த்துக் கூட்டிய எண். 2019 ஜனவரியில் ‘கலெக்‌ஷன் 1’ என்ற கசிவுத் தொகுப்பை ஆராய்ந்த இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹண்ட், சுமார் 269 கோடி வரிகளில் தனித்த முகவரிகள் 77 கோடி என்றும், தனித்த கடவுச்சொற்கள் 2.1 கோடிதான் என்றும் கணக்கிட்டார்.

என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரின் வரியில் மட்டும், எங்கள் பில்லிங் மென்பொருளின் உள்நுழைவுப் பக்க முகவரியும், பயனர் பெயரும், அன்றும் பயன்பாட்டில் இருந்த கடவுச்சொல்லும் சேர்ந்தே இருந்தன. பிரவுசரில் சேமித்தவற்றை அள்ளிச் செல்லும் திருட்டு மென்பொருள் கணினியில் புகுந்ததற்கான அடையாளம் அது. அத்தகைய கணினியைச் சுத்தம் செய்யாமல் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் புதியதும் திருடுபோகும். உண்மையிலேயே அவசரமான அந்த ஒரு வரியை, காலாவதியான வரிகளுக்கு நடுவே எந்தக் குறிப்பும் இல்லாமல் புதைத்து வைத்திருந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, தரவைத் தேடித் தருவது மட்டுமே தங்கள் பணி, அதன் பழமைக்குப் பொறுப்பேற்க முடியாது என்று ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டார்கள்.

இப்படி யாரேனும் உங்களை அணுகினால், இரட்டிப்பு வரிகளை நீக்கிய மாதிரிப் பட்டியலையும், ஒவ்வொரு வரியும் எந்த ஆண்டில், எந்த வழியில் கசிந்தது என்ற விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு முகவரி எந்தத் தளத்தின் கசிவில், எப்போது சிக்கியது என்பதை டிராய் ஹண்ட் நடத்தும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுங்கள்.