வளைகுடா வங்கிக் கடனோடு ஊர் திரும்பியவருக்கு எந்த வழி நல்லது?

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம், அந்தப் பக்கம் காரைக்கால் என்று எங்கே போனாலும், துபாயிலோ ஷார்ஜாவிலோ வங்கிக் கடனைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்த ஒருவராவது இருப்பார். வேலை போயிருக்கும், கம்பெனி மூடியிருக்கும், கொரோனா நேரத்தில் டிக்கெட் கிடைத்ததே போதும் என்று விமானம் ஏறியிருப்பார். ஏமாற்றும் எண்ணத்தோடு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் பயத்தோடுதான் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில் ஆளுக்கு ஆள் ஒரு யோசனை சொல்கிறார்கள். "கண்டுக்காதே, இங்க வந்து என்ன பண்ணிடுவான்" என்பது ஒன்று. "ஏஜென்ட் வெச்சு பாதியில முடிச்சுடு" என்பது இன்னொன்று. "நேரா போய் நின்னு தீர்த்துட்டு வா" என்று சொல்பவர்களும் உண்டு. அதிகம் பேர் சொல்லாத நான்காவது வழி, வங்கியோடு நாமே நேரடியாகப் பேசுவது.

முதல் யோசனை ஒரு காலத்தில் ஓரளவு சரிதான். அப்போது அமீரக வங்கி அங்கே தீர்ப்பு வாங்கினாலும், அதை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். 2020 ஜனவரி 17 அன்று மத்திய அரசு அரசிதழில் வெளியிட்ட அறிவிப்பு இதை மாற்றிவிட்டது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின் கீழ் ஐக்கிய அரபு அமீரகம் பரஸ்பர நாடாக, அதாவது அங்குள்ள தீர்ப்பை இங்கே நேரடியாக நிறைவேற்றக்கூடிய நாடாக, அறிவிக்கப்பட்டது. துபாய், அபுதாபி, ஷார்ஜா நீதிமன்றங்களின் பணத் தீர்ப்பை, கடலூர் மாவட்ட நீதிமன்றம் தானே கொடுத்த தீர்ப்பைப் போல நிறைவேற்றலாம். புதுச்சேரியிலும் அப்படியே. வங்கி செய்ய வேண்டியது, தீர்ப்பின் சான்றிட்ட நகலையும், எவ்வளவு வசூலாகியிருக்கிறது என்று அந்த நீதிமன்றம் கொடுக்கும் சான்றையும் சேர்த்து நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்பின்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் மனு, போடுவதுதான்.

இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வெளுத்துவிடும். அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கொடுத்த தீர்ப்பு எல்லாமே இங்கே கண்ணை மூடிக்கொண்டு செல்லாது. அதே சட்டத்தின் 13-வது பிரிவு எதிர்வாதத்துக்கு இடம் தருகிறது. நமக்கு முறையான நோட்டீஸ் வரவில்லை, சாட்சியம் எதையும் ஆராயாமல் ஆள் வராததால் மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், மோசடியாகத் தீர்ப்பு வாங்கினார்கள் என்று காட்ட முடிந்தால் இங்குள்ள நீதிமன்றம் அதை நிறைவேற்ற மறுக்கலாம். ஆனால் அதைச் சொல்ல நாம் ஆஜராக வேண்டும். இங்குள்ள நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் வாங்க மறுப்பதுதான் நமக்கு நாமே செய்துகொள்ளும் பெரிய கெடுதல். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

சும்மா இருப்பது யாருக்குப் பொருந்தும்? சொத்து எதுவும் இல்லாதவருக்கு. சொத்து இருப்பவருக்கே நிறைவேற்று மனுவால் ஆபத்து. விவசாயி குடியிருக்கும் வீடு, உழவுக் கருவி, தொழில் செய்யும் கருவி, வருங்கால வைப்பு நிதி போன்றவற்றை 60-வது பிரிவு ஜப்தியிலிருந்து காக்கிறது. சம்பளத்திலும் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. கையில் வசதி வைத்துக்கொண்டே கட்ட மறுப்பவரைத்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம், வெறும் இல்லாமைக்காக அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஆகவே கூலி வேலை பார்த்துக்கொண்டு வாடகை வீட்டில் இருப்பவர் இந்தக் கடனுக்காகக் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுவது அநியாயம். அவரிடம் நான் சொல்வது: காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள், சம்மன் வந்தால் போய் நில்லுங்கள், அதற்கு மேல் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் முதுநகரில் ஒரு மனை, அப்பா பேரில் பாகம் பிரிக்காத நிலம், மறுபடி வளைகுடாவுக்குப் போகும் எண்ணம், இதில் எது இருந்தாலும் சும்மா இருப்பது விலை கூடிய வழி. காரணம் வட்டி மட்டும் இல்லை. திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது, ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று நிலையாக நிற்கிறது. இறங்குவது நம் ரூபாய்தான். 2014-ல் ஒரு திர்ஹாம் பதினாறரை ரூபாய் அளவில் இருந்தது, 2024-ல் ஏறக்குறைய இருபத்து மூன்று. 50,000 திர்ஹாம் கடன், ஒரு காசு வட்டி ஏறாமலே, எட்டேகால் லட்சத்திலிருந்து பதினொன்றரை லட்சத்தை நெருங்கிவிட்டது. அமீரக வங்கிகள் மாதச் சம்பளத்தைப் போல இருபது மடங்கு வரை தனிநபர் கடன் தரலாம் என்பது அங்குள்ள மத்திய வங்கியின் விதி. 5,000 திர்ஹாம் சம்பளக்காரர் ஒரு லட்சம் திர்ஹாம் வரை வாங்கியிருக்க முடியும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஏஜென்ட். இதில் இரண்டு வகை இருக்கிறது. வங்கி வைத்திருக்கும் வசூல் ஆட்கள் ஒரு வகை, "நாங்க பேசி முடிச்சுத் தர்றோம்" என்று நம்மிடமே கமிஷன் கேட்கும் இடைத்தரகர்கள் இன்னொரு வகை. வசூல் ஆட்கள் போனில் "அண்ணே, நாளைக்கு உங்க வீட்டுக்கு போலீஸ் வரும், பாஸ்போர்ட் முடங்கிடும்" என்பார்கள். கடன் பாக்கிக்காக அயல்நாட்டு வங்கி இங்கே போலீஸை அனுப்ப முடியாது. பாஸ்போர்ட்டை முடக்கும் அதிகாரமும் வங்கிக்குக் கிடையாது. நீதிமன்றம்தான் அவர்களுக்கு வழி. மிரட்டல் எல்லை மீறினால், வீட்டுப் பெண்களுக்கு போன் போட்டால், நம்பரையும் பேச்சையும் பதிவு செய்துகொண்டு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். இடைத்தரகர்களைப் பற்றி என் கருத்து கறாரானது. தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் தரக் கூடாது. அவர் வாங்கித் தரும் தள்ளுபடியை வங்கி நமக்கே தரும்.

அதனால்தான் நேரடிப் பேச்சை நான் முதலில் வைக்கிறேன். பாக்கி பழையதாகி, வங்கி அதை வாராக் கடனாக எழுதிவிட்ட பிறகு, மொத்தமாக ஒரே தவணையில் கட்டுகிறேன் என்றால் இறங்கி வருவார்கள். தவணையாகக் கட்டுகிறேன் என்றால் அந்த அளவுக்கு இறங்க மாட்டார்கள். ஆகவே பணம் கையில் வந்த பிறகு பேச்சைத் தொடங்குவதே நல்லது. போனில் பேசலாம், ஆனால் முடிவு எழுத்தில் வர வேண்டும், அதுவும் வங்கியின் சொந்த மின்னஞ்சலிலிருந்து.

அந்தக் கடிதத்தை எப்படிப் படிப்பது என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். திருப்பாதிரிப்புலியூர்க்காரத் தம்பி ஒருவர் பணம் கட்டும் முன் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். லெட்டர்ஹெட், தேதி, தொகை, கடைசி நாள் எல்லாம் சரியாக இருந்தன. கடன் கணக்கு எண் இருந்தது, அதே வங்கியின் கிரெடிட் கார்டு எண் இல்லை. "தம்பி, கார்டு எங்கே?" என்றேன். "அதுவும் சேர்த்துத்தாண்ணே சொன்னாங்க" என்றார். சொன்னது கணக்கில் வராது. அவர் மின்னஞ்சல் போட்டார், கார்டையும் சேர்த்து இன்னொரு கடிதம் வந்தது, அதற்குப் பிறகுதான் கட்டினார். கார்டை விட்டிருந்தால், மாதம் மூன்று சதவீதம் அளவில் வட்டி அதில் ஏறிக்கொண்டே இருந்திருக்கும். இதோடு இன்னும் மூன்று விஷயம் கடிதத்தில் வேண்டும்: கட்டிய பின் பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம், கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் திரும்ப வரும் என்ற உறுதி, வழக்கு இருந்தால் வங்கியே வாபஸ் வாங்கும் என்ற உறுதி. கட்டி முடித்ததும் பாக்கி இல்லாச் சான்றை வாங்கும்வரை விடக் கூடாது.

பணம் கட்ட அங்கே அண்ணனோ மச்சானோ இருந்தால் அவர் கிளையில் கட்டி ரசீது வாங்குவதே எளிது. இங்கிருந்து அனுப்புவதானால் பான் எண்ணும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவமும் கேட்பார்கள், வங்கியின் கடிதத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

நேரில் போய்த் தீர்ப்பது கடைசி வழி. 2022 ஜனவரி 2 முதல், கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்புவது மட்டும் அமீரகத்தில் குற்றவழக்கு ஆகாது என்று சட்டம் மாறியது உண்மை. ஆனால் செக்கை வைத்து நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம், 10,000 திர்ஹாமுக்குக் குறையாத கடனுக்குப் பயணத் தடையும் கேட்கலாம். பயணத் தடை என்பது நாட்டை விட்டு வெளியேறுவதற்கான தடை. உள்ளே போய்விட்டுத் திரும்ப முடியாமல் நிற்கும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. துபாய் போலீஸின் செயலியில் பணவழக்கு இருக்கிறதா என்று எமிரேட்ஸ் ஐடி எண்ணை வைத்துப் பார்க்கலாம், அபுதாபிக்கு எஸ்தஃப்சர் சேவை இருக்கிறது. இதைப் பார்க்காமல் புது விசாவுக்குப் பணம் கட்டாதீர்கள். வழக்கு இருந்தால் அங்குள்ள வக்கீலுக்கு பவர் கொடுத்து முடிக்கலாம். நோட்டரி, மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று சான்று வாங்கி, அரபியில் மொழிபெயர்க்க வேண்டும். செலவும் அலைச்சலும் உண்டு என்றாலும் அங்கே மாட்டிக்கொள்வதை விட மேல்.

கடன் வேறு நாட்டில் என்றால் கணக்கு மாறும். சிங்கப்பூர், மலேசியா இரண்டும் 44-ஏ பட்டியலில் உள்ளவை. சவுதி, குவைத், கத்தார் அதில் இல்லை. புதுச்சேரியில் பலருக்கு உறவு உள்ள பிரான்சும் இல்லை. அங்குள்ள வங்கி தன் தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும், அதற்குத் தீர்ப்புத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு.

கடன் வாங்கியவர் இறந்துவிட்ட வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மனைவியோ பிள்ளையோ ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை, அவருடைய சொத்தில் அவர்களுக்கு வந்த அளவுக்குத்தான் பொறுப்பு, அவர்கள் சம்பாதித்ததைத் தொட முடியாது. அங்கே கடன் கொடுக்கும்போது காப்பீடும் சேர்த்தே போட்டிருக்கலாம். போன் வந்தால் எதற்கும் சம்மதிக்கும் முன், இறப்புச் சான்றை இணைத்து, இந்தக் கடனுக்குக் காப்பீடு இருந்ததா என்று வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள்.